புலனுணர்வுச் சிக்கல் உள்ள குழந்தையும் பள்ளிப்பாடமும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொடக்கப்பள்ளிக் குழந்தைகளோடு வேலை செய்யும் சிறப்பாசிரியர் என்ற முறையில் என்னிடம் பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளையும், அவற்றுக்கு நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் குழந்தைகளை மனத்தில் வைத்தே பெரும்பாலானவை எழுதப்பட்டுள்ளன.

புலனுணர்வுச் செயலாக்கச் சிக்கல் என்றால் என்ன?

கண், காது, மூக்கு, நாக்கு, தோல் என்ற ஐந்தோடு புலன்களின் கணக்கு முடிந்துவிடுவதில்லை. தலை எந்தப் பக்கம் சாய்கிறது, உடல் எவ்வளவு வேகமாக அசைகிறது என்பதை உட்காது சொல்கிறது. கை எங்கே இருக்கிறது, பென்சிலை எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைத் தசைகளும் மூட்டுகளும் சொல்கின்றன. பசி, தாகம், சிறுநீர் முட்டுவது ஆகியவற்றை உடல் உள்ளிருந்து தெரிவிக்கிறது. இவை எல்லாம் ஒரே நேரத்தில் மூளைக்குப் போய்ச் சேர, தேவையானதை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்கிவிடும் வேலையை மூளை சத்தமில்லாமல் செய்கிறது. சில குழந்தைகளுக்கு இந்த ஒதுக்கல் சரியாக நடப்பதில்லை. சட்டைக் காலரின் லேபிளும் மின்விசிறியின் கடகட ஒலியும் ஆசிரியரின் குரலும் ஒரே வலுவோடு வந்து மோதும்போது, பாடம் எது என்று பிரித்தெடுப்பதே பெரிய உழைப்பாகிவிடுகிறது. வேறு சில குழந்தைகளுக்கு இதற்கு நேர்மாறாக, பெயரைச் சொல்லி மூன்று முறை கூப்பிட்டாலும் பதிவதில்லை. இன்னும் சிலர் புலனுணர்வு போதாமல் எதையாவது இடித்துக்கொண்டும் குதித்துக்கொண்டும் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டும் இருப்பார்கள். ஒரே குழந்தை சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளவும், அசைவுக்கு ஏங்கவும் செய்யலாம்.

இது ஆட்டிசமா? தனி நோயா?

ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் இது மிகப் பரவலாகக் காணப்படுகிறது. கவனக்குறைவும் மிகையியக்கமும் உள்ள குழந்தைகளிடமும் உண்டு. வேறு எந்தச் சிக்கலும் இல்லாத குழந்தைகளிடமும் பார்க்கிறோம். ஜீன் ஏயர்ஸ் என்ற அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்) இதைப் பற்றிய கோட்பாட்டை வகுத்து 1972-ல் நூலாக எழுதினார். ஆனால் 2013-ல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்களை வகைப்படுத்தும் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு இதைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை. புலன்களுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை காட்டுவதை ஆட்டிசத்தின் அறிகுறிகளில் ஒன்றாக மட்டும் சேர்த்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பும் 2012-ல், இந்தப் பெயரை மட்டும் ஒட்டிவிட்டு நிறுத்திவிடாமல் வேறு வளர்ச்சிச் சிக்கல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. எனவே யாராவது பத்து நிமிடம் பார்த்துவிட்டு இந்தப் பெயரை எழுதிக் கொடுத்தால், அதோடு வீட்டுக்குப் போய்விடாதீர்கள்.

அடம் பிடிக்கிறானா, உண்மையிலேயே முடியவில்லையா? எப்படித் தெரிந்துகொள்வது?

குறித்து வைத்தால் தெரியும். ஒரு பழைய நோட்டில் இரண்டு வாரத்துக்கு, தகராறு எந்த நேரத்தில், எந்த இடத்தில், எந்த வேலையின்போது தொடங்கியது, அப்போது வீட்டில் வேறு என்ன நடந்துகொண்டிருந்தது, எதனால் தணிந்தது என்று நாளுக்கு இரண்டு வரி எழுதுங்கள்.

இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி கணக்கு என்றாலே அழுவதாக அவளுடைய தாயார் சொன்னார். நோட்டைப் புரட்டியபோது அழுகை கணக்கோடு ஒட்டவில்லை. குக்கர் வைத்த மாலைகளோடு ஒட்டியது. இரவுச் சமையலைப் பார்த்துக்கொண்டே சாப்பாட்டு மேசையில் வைத்துச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் கணக்குதான். முதல் விசில் வந்ததும் குழந்தை காதைப் பொத்திக்கொள்ளவில்லை. அதனால் தாயாருக்குத் தோன்றவே இல்லை. அடுத்த விசில் எப்போது வரும் என்று காத்துக்கொண்டே உட்கார்ந்திருந்த குழந்தைக்குக் கழித்தலில் கடன் வாங்குவது எப்படி மண்டையில் ஏறும்? கணக்கைக் காலை ஆறரை மணிக்கு மாற்றினார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். கடன் வாங்கிக் கழிப்பது அவளுக்கு இன்னும் தகராறுதான். ஆனால் அழுகை நின்றது, கணக்கில் எது புரியவில்லை என்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

கேட்டது கிடைத்தால் நிறுத்திவிடுவது, ஆள் பார்த்துச் செய்வது, நடுவில் நின்று நாம் கவனிக்கிறோமா என்று திரும்பிப் பார்ப்பது ஆகியவை அடத்தின் பக்கம் கையைக் காட்டும். கேட்டதைக் கொடுத்த பிறகும் அடங்காமல் தேம்புவது உண்மையிலேயே முடியவில்லை என்பதைக் காட்டும். இரண்டும் கலந்து வருவதும் சகஜம், குழந்தைகள் நம்மைப்போல்தான்.

பள்ளியில் சமர்த்தாக இருக்கிறானாம். வீட்டுக்கு வந்ததும் வெடிக்கிறான். எங்களிடம்தான் குறையா?

இல்லை. நாள் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்துவிட்டு, பாதுகாப்பான இடத்துக்கு வந்ததும் அவிழ்த்துவிடுகிறான். காலை இறைவணக்கக் கூட்டத்தின் ஒலிபெருக்கி, நாற்பது பேர் ஒரே குரலில் வாய்ப்பாடு சொல்வது, மதிய உணவு நேரத்தில் டிபன் பாக்ஸ்களின் நெடி, பிறகு ஹார்ன் அடித்துக்கொண்டே வரும் வேனில் ஒரு மணி நேரம். வீட்டு வாசலில் காலணியைக் கழற்றும்போதே "டைரியை எடு" என்றால் கிடைப்பது பாடம் அல்ல, சண்டை.

முதலில் சீருடையை மாற்றிப் பழகிய பருத்திச் சட்டையைப் போட்டுவிடுங்கள். கடித்து மெல்ல வேண்டிய தின்பண்டம் பல குழந்தைகளைத் தணிக்கிறது: முறுக்கு, கடலை மிட்டாய், கேரட், வறுத்த கடலை. அடுத்த முக்கால் மணி நேரத்துக்குக் கேள்வி கேட்காதீர்கள், "இன்னைக்கு ஸ்கூல்ல என்ன நடந்துச்சு?" என்ற அன்பான கேள்விகூட அந்த நேரத்தில் சுமைதான். அதன் பிறகு உடம்புக்குக் கொஞ்சம் வேலை, அதன் பிறகே புத்தகம்.

உடம்புக்கு வேலை என்றால்? அதற்காகக் கருவிகள் வாங்க வேண்டுமா?

தசைகளும் மூட்டுகளும் அழுந்தும்படி தள்ளுவது, இழுப்பது, தூக்குவது, பிழிவது போன்ற வேலைகள் குழந்தையை நிதானப்படுத்துவதாகத் தெரபிஸ்டுகள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவருகிறார்கள். பெருநகரங்களில் இதற்கென்று விலை உயர்ந்த பந்துகளும் ஊஞ்சல்களும் விற்கிறார்கள். எனக்கு அவற்றின் மீது பெரிய மரியாதை கிடையாது, ஏனென்றால் நம் வீடுகளில் இதற்குச் சாமான் ஏற்கெனவே இருக்கிறது. சப்பாத்தி மாவு பிசைவது, துவைத்த துண்டைப் பிழிந்து உதறுவது, மாடித் தொட்டிச் செடிகளுக்கு வாளியில் தண்ணீர் சுமப்பது, பாயைச் சுருட்டி வைப்பது ஆகிய எல்லாமே அதுதான். முறுக்கு நாழியை இரண்டு கையாலும் அழுத்திப் பிழிவதைப் போன்ற பயிற்சி எந்தக் கடையிலும் கிடைக்காது; எண்ணெய்ச் சட்டியிலிருந்து தள்ளி, தட்டில் பிழியச் சொல்லுங்கள். அறையில் போதிய இடமிருந்தால் நொண்டி, பாண்டி ஆடலாம்.

ஊஞ்சலில் மட்டும் ஒரு எச்சரிக்கை. முன்னும் பின்னும் மெதுவாக ஆடுவது பொதுவாக அமைதி தரும். வேகமாகச் சுற்றுவது சில குழந்தைகளை இன்னும் கிளப்பிவிடும், சிலருக்கு வாந்தியே வரும். பத்து நிமிடம் ஆடிய பிறகு உங்கள் குழந்தை உட்கார்ந்ததா, ஓடியதா என்று பாருங்கள். அதுவே பதில்.

ஐந்து நிமிடம்கூட உட்கார மாட்டேன் என்கிறான். என்ன செய்வது?

உட்கார வேண்டும் என்று யார் சொன்னது? நின்றுகொண்டு ஜன்னல் திண்டில் வைத்து எழுதலாம். தரையில் குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றிப் படிக்கலாம். சுவரில் ஒட்டிய தாளில் கணக்குப் போடலாம். நாற்காலியில்தான் என்றால், கால் தரையில் பதிய வேண்டும். பெரியவர்களின் மேசையில் கால் தொங்க உட்காரும் குழந்தை நெளிவதில் ஆச்சரியம் இல்லை. பழைய செய்தித்தாள்களைக் கட்டிக் காலுக்கு அடியில் வைத்தாலே போதும். நாற்காலியின் முன்கால்கள் இரண்டுக்கும் குறுக்கே பழைய சைக்கிள் ட்யூபை இழுத்துக் கட்டிவிட்டால், எழுதிக்கொண்டே காலால் அதை உதைத்துக்கொண்டிருக்கலாம். சைக்கிள் கடையில் சும்மாவே கொடுப்பார்கள்.

வேலையையும் துண்டாக்குங்கள். ஏழெட்டு நிமிட வேலை, இரண்டு நிமிட அசைவு என்று மணற்கடிகாரமோ சமையலறை டைமரோ வைத்துப் பழக்கலாம். டைமரின் மணியே தொந்தரவு என்றால் மணல்தான் நல்லது. எத்தனை துண்டு மீதி என்பது குழந்தையின் கண்ணுக்குத் தெரிய வேண்டும். மூன்று புளியங்கொட்டையை மேசையில் வைத்து, ஒவ்வொரு துண்டு முடிந்ததும் ஒன்றைக் கிண்ணத்தில் போடச் சொல்வது சொற்களைவிட நன்றாக வேலை செய்கிறது.

எழுதுவதுதான் பெரிய போராட்டம். பென்சில் முனை உடைகிறது, தாள் கிழிகிறது, கை வலிக்கிறது என்கிறான்.

அதிகம் பேர் கேட்கும் கேள்வி இது. எவ்வளவு அழுத்துகிறோம் என்று கையிலிருந்து மூளைக்குத் தகவல் தெளிவாகப் போகாத குழந்தை, உணர்வு வரும் வரை அழுத்திக்கொண்டே போகிறது. இதற்கு எதிர்க்கோடியில், கோடு கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெலிதாக எழுதும் குழந்தைகளும் உண்டு. நோட்டின் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மூன்றாவது தாள் வரை எழுத்தின் தழும்பு விரலில் தட்டுப்பட்டால், "அழகா எழுது" என்று இனிச் சொல்லவே வேண்டாம். "மெதுவா அழுத்து" என்பதும் உதவாது, எவ்வளவு மெதுவாக என்பதுதான் அவனுக்குத் தெரியாதே.

கைக்குத் தெரியும்படி செய்யுங்கள். இரண்டு தாள்களுக்கு நடுவே கார்பன் தாளை வைத்து, அடித்தாளில் படாமல் எழுதுவது ஒரு விளையாட்டு, அடித்தாளில் பட எழுதுவது இன்னொரு விளையாட்டு. தாளுக்கு அடியில் மடித்த துணியை வைத்தால் அதிகம் அழுத்தியதும் தாள் ஓட்டையாகிவிடும். குழந்தை தானே விசையைக் குறைக்கப் பழகும். இதை விளையாட்டுத் தாளில் செய்யுங்கள், வீட்டுப்பாட நோட்டில் வேண்டாம்.

தமிழ் எழுத்துகளுக்கென்றே ஒரு சிரமம் இருக்கிறது. ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் நேர்க்கோடுகள் நிறைய. நம் எழுத்துகளில் சுழிகள் நிறைய. மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று நாமே சுழியை எண்ணித்தான் சொல்கிறோம். சுழிக்கும்போது விரல்கள் நொடிக்கு நொடி திசை மாற வேண்டும். ஆகவே ட, ப, ம, ய என்று கோடு மிகுந்தவற்றில் தொடங்கி, பிறகு வளைவுக்கும், கடைசியாக இ, ஐ, ஞ போன்றவற்றுக்கும் போவது நல்லது. அரிச்சுவடி வரிசையில்தான் எழுதக் கற்க வேண்டும் என்ற கட்டாயம் ஏதுமில்லை. விஜயதசமி அன்று தட்டில் பரப்பிய பச்சரிசியில் விரலைப் பிடித்து எழுதவைப்பது இந்தக் குழந்தைகளுக்கு ஏற்ற முறை. அதை ஒரு நாளோடு நிறுத்தாமல் மாதக்கணக்கில் தொடரலாம். அரிசியைத் தொடவே கூசும் குழந்தைக்கு முதலில் பிரஷையும் தண்ணீரையும் கொடுத்துச் சிமெண்டுத் தரையில் எழுதச் சொல்லுங்கள். சிலேட்டில் பலப்பம் கீச்சிடுவது சிலருக்குப் பல்கூச வைக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

எழுத்துப் பயிற்சி வேறு, பாடம் வேறு. நீர்ச்சுழற்சி அவனுக்குப் புரிந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள அரைப்பக்கம் எழுதவைக்கத் தேவையில்லை. வாயால் சொல்லட்டும், நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், அல்லது படம் வரைந்து பெயர் மட்டும் குறிக்கட்டும். எழுத்துப் பயிற்சிக்குத் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் இரண்டும் கெடும்.

வகுப்பறைச் சத்தத்துக்கு என்ன வழி? காதில் ஏதாவது மாட்டிவிடலாமா?

முதலில் இடத்தை மாற்றிப் பாருங்கள். வாசல், வராந்தா ஜன்னல், ஓசையிடும் மின்விசிறி ஆகியவற்றிலிருந்து தள்ளி, ஒரு பக்கமாவது சுவர் இருக்கும் இடம் பெரும்பாலும் உதவும். முதல் வரிசை எல்லோருக்கும் நல்லது என்று நினைக்கிறோம். பின்னால் நாற்பது பேர் அசையும் ஒலி முதுகில் விழும் குழந்தைக்கு அது கொடுமை. மணி அடிக்கப்போகிறது என்று ஒரு நிமிடம் முன்பே தெரிந்தால் அதிர்ச்சி பாதியாகும்.

காதுமூடியைப் பட்டாசு, ஆண்டுவிழா, இறைவணக்கக் கூட்டம் போன்ற வேளைகளில் கொஞ்ச நேரம் பயன்படுத்துவதில் தவறில்லை. நாள் முழுவதும் மாட்டிவிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை. அமைதிக்குப் பழகிய காது சாதாரணச் சத்தத்தைக்கூடத் தாங்காமல் போகக்கூடும், ஆசிரியர் சொல்வதும் விழாது.

புத்தகப் பக்கத்தைப் பார்த்தாலே மிரள்கிறாள்.

படமும் கட்டமும் வண்ணமும் நெருக்கியடிக்கும் பக்கம் என்றால், ஒரு அட்டையில் இரண்டு வரி தெரியும் அளவுக்குச் சன்னல் வெட்டி மேலே வைத்து நகர்த்தச் சொல்லுங்கள். கணக்குக்கு ஒரு பக்கத்தில் நான்குக்கு மேல் வேண்டாம். இதற்கு முன் கண் பரிசோதனை செய்திருக்க வேண்டும்.

சீருடை, டை, ஷூ?

லேபிளை வெட்டுங்கள்; புதுச் சட்டையை நான்கைந்து முறை துவைத்த பிறகு போடுங்கள்; காலுறையின் தையல் விரலை உறுத்தினால் உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போடுங்கள். டைக்கு விலக்கு கேட்டால் பல பள்ளிகள் கொடுத்துவிடுகின்றன.

ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது?

பள்ளி விடும் நேரத்தில் வாசலில் நின்று பேசாதீர்கள். அவருக்கும் அப்போது தலை சுற்றிக்கொண்டிருக்கும். நேரம் கேட்டுப் போய், ஒரு பக்கத்துக்கு மேல் போகாத கடிதத்தைக் கொடுங்கள். சிக்கலின் பெயரையும் விளக்கத்தையும் இரண்டு வரியில் முடித்துவிட்டு, அவரால் நாளைக்கே செய்யக்கூடிய மூன்றை மட்டும் கேளுங்கள். உதாரணமாக: "ஒரு பாடவேளைக்கு ஒரு முறை கரும்பலகையைத் துடைக்கவோ நோட்டுகளை எடுத்துக் கொடுக்கவோ அவனை எழுப்பிவிடுங்கள். வீட்டுப்பாடத்தில் பத்துக் கணக்குக்குப் பதில் ஐந்து எழுத அனுமதியுங்கள். கரும்பலகையில் இருப்பதை முழுதும் எழுதி முடிக்காவிட்டால் அடுத்தவரின் நோட்டைப் படம் எடுத்துக்கொள்ள விடுங்கள்." நோட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு அலுவலக அறைக்குப் போய் வருவது மேலே சொன்ன உடல்வேலையேதான், குழந்தைக்கு அது பெருமையாகவும் இருக்கும்.

ஒரு மாதம் கழித்துப் போய், எது பலித்தது என்று அவரிடமே கேளுங்கள். பாதிப் பள்ளிகளில் இந்த இரண்டாவது சந்திப்பு நடப்பதே இல்லை.

தேர்வில் சலுகை கிடைக்குமா?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. ஆட்டிசமும் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் அதில் உள்ளன. புலனுணர்வுச் சிக்கல் தனியாக இல்லை. ஆகவே பொதுத்தேர்வுச் சலுகை, பட்டியலில் உள்ள ஒரு குறைபாட்டுக்கான சான்றிதழின் வழியாகத்தான் கிடைக்கும். அந்தச் சான்றிதழ் இருந்தால் மாநிலப் பாடத்திட்டத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், மொழிப்பாட விலக்கு போன்றவற்றுக்குத் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு விண்ணப்பிக்கலாம், சி.பி.எஸ்.இ.யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். பத்தாம் வகுப்பு வரை காத்திருக்காமல் முன்பே தொடங்குங்கள், காகித வேலைக்கு மாதங்கள் ஆகும். தொடக்க வகுப்புகளின் பள்ளித் தேர்வுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. தலைமையாசிரியர் மனம் வைத்தால் தனி அறையில் உட்கார்ந்து எழுதலாம்.

யாரிடம் காட்டுவது? தெரபி பலன் தருமா?

முதலில் செவித்திறன், கண் பரிசோதனை, பிறகு குழந்தை மருத்துவர். கூப்பிட்டால் திரும்பாத குழந்தைக்குக் காதில் நீர் கோத்திருந்த கதைகள் உண்டு. மத்திய அரசின் சிறார் நலப் பரிசோதனைத் திட்டம் 2013-ல் தொடங்கியது. அதன்கீழ் அரசு மருத்துவமனைகளில் இயங்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள், அதன் ஆங்கிலச் சுருக்கப் பெயரைச் சொல்லி டி.ஈ.ஐ.சி. எங்கே என்று கேட்டால் வழிகாட்டுவார்கள். அரசுப் பள்ளிக் குழந்தை என்றால் வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர் இருப்பார். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் 2005 முதல் இயங்குகிறது. அங்கே பலதுறை வல்லுநர்களும் ஒரே வளாகத்தில் இருக்கிறார்கள்.

நல்ல ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் உங்கள் வீட்டு மாலைப்பொழுதை எப்படி அமைப்பது என்று சொல்லித்தருவார், எந்த வேலை எத்தனை வாரத்தில் எளிதாக வேண்டும் என்று இலக்கும் சொல்வார். ஏயர்ஸின் கோட்பாட்டை ஒட்டிய புலன் ஒருங்கிணைப்புச் சிகிச்சைக்கான ஆய்வுச் சான்றுகள் இன்னும் முழுமையாக உறுதிப்படவில்லை. எனவே மூன்று மாதம் வைத்துப் பார்த்து, சொன்ன இலக்கில் மாற்றமில்லை என்றால் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. "வாரத்துக்கு ஐந்து நாள், இரண்டு வருஷம், முழுப்பணமும் முன்கூட்டியே" என்பவர்களிடம் ஜாக்கிரதை. எடை வைத்த சட்டை, போர்வை ஆகியவற்றுக்கும் சான்று குறைவு; தானே விலக்கிக்கொள்ள முடியாத குழந்தைக்கு எடைப் போர்வை ஆபத்து, தூங்கும்போது போடவே கூடாது.

"செல்லம் கொடுத்துக் கெடுக்கிறாய்" என்று மாமியார் சொல்கிறார். அவர் சொல்வதில் உண்மை இல்லையா?

கொஞ்சம் இருக்கிறது. வேலையையே எடுத்துவிட்டால் குழந்தை கற்காது. எழுதும் இடத்தையும் நேரத்தையும் அளவையும் மாற்றுங்கள். கற்க வேண்டியதை மாற்றாதீர்கள். ஐந்து கணக்கு என்று முடிவு செய்தால் அந்த ஐந்தும் முடிய வேண்டும், நின்றுகொண்டோ படுத்துக்கொண்டோ. மாமியாரிடம் வாதாடுவதைவிட, முறுக்கு பிழியும் வேலையில் பேரனை அவருடன் சேர்த்துவிடுங்கள். அதன் பிறகு அவன் உட்கார்ந்து எழுதுவதை அவரே பார்ப்பார்.

குழந்தையிடம் இதைச் சொல்லலாமா?

ஆறேழு வயதிலிருந்தே சொல்லலாம். "உன் காது ரொம்பக் கூர்மை, அதனால சின்னச் சத்தமும் பெருசா கேக்குது" என்ற அளவு போதும். பெயரும் விளக்கமும் பிறகு வரட்டும். அதைவிடத் தேவையானது, பிறரிடம் கேட்கும் சொற்களைக் கற்றுக்கொடுப்பது. "மிஸ், சத்தமா இருக்கு, அந்த ஓரத்துல உக்காந்துக்கட்டுமா?" என்ற ஒரே வாக்கியத்தை வீட்டில் ஆசிரியர், மாணவன் விளையாட்டாகப் பலமுறை சொல்லவைத்துப் பழக்குங்கள். சில முறை நீங்கள் ஆசிரியராக இருந்து "கூடாது" என்றும் சொல்லிப் பாருங்கள். அப்போது என்ன செய்வது என்பதையும் அவன் உங்களோடுதான் முதலில் யோசிக்க வேண்டும்.